காரைக்குடிப் பக்கம் ‘அரிவாள் கும்பல்’ ஆடியோ: எது நிஜம், எது புரளி?

வளவுவாசி | சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது சென்னையில். ஆத்தா மட்டும் பள்ளத்தூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் தனியாக இருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டுக் கதவு அடுத்த தெருவில். பங்காளிகளுக்குள் நான்கு பங்கு, அதில் மூன்று பங்கு பூட்டிக் கிடக்கிறது. பகலில் வேலைக்கு ஓர் அம்மா வந்து போவார். ராத்திரித் துணைக்கு ரேடியோதான்.

நேற்று மாலையிலிருந்து ஓர் ஆடியோ சுற்றுகிறது. எனக்கே மூன்று குழுக்களில் வந்துவிட்டது. ‘காரைக்குடி மக்களே, 12 பேர் பைக்குல சுத்துறாங்க, கையில அரிவாள், ராத்திரி குழந்தை அழுற சத்தம் கேட்டா கதவத் திறக்காதீங்க, எஸ்.பி. ஆபீஸ்லயே சொல்லிட்டாங்க’ என்று ஒருவர் மூச்சு வாங்கப் பேசுகிறார். ஆத்தாவுக்கு அதை அனுப்பியது யார் என்று தெரியவில்லை. பின்கட்டுக் கதவுக்கு உலக்கையை முட்டுக் கொடுத்துவிட்டு, விடிய விடிய வளவில் (உள்முற்றத்தில்) விளக்கைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்படி ஒரு கும்பல் நிஜமாகவே இருக்கிறதா? இருந்தால் போலீஸ் என்ன செய்கிறது? ஊரில் இருப்பவர்கள் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

செக்காலைக்காரன் | சனி, இரவு 10.05

தம்பி, அந்த ஆடியோவை முழுசாகக் கேட்டீர்களா? நடுவில் ‘மெட்ரோ தூண் பக்கத்துல நிக்குறாங்க’ என்கிறார். காரைக்குடியில் ஏது மெட்ரோ? மாநகராட்சி ஆனதே 2024-இல்தான், அதற்குள் மெட்ரோ வந்துவிட்டதா! வேறு எந்த ஊருக்கோ பேசியதை முதல் வரியை மட்டும் மாற்றி ஓட்டுகிறார்கள். ஆத்தாவைத் தூங்கச் சொல்லுங்கள்.

தேக்கா_தேவகோட்டை | சனி, இரவு 10.50

செக்காலை அண்ணே, ஆடியோ பொய்யாக இருக்கலாம். அதற்காக ஊரில் ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். போன தடவை படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) ஊருக்கு வந்து வீட்டைத் திறந்தால், இரண்டாம் கட்டில் வெளிச்சம் அடிக்கிறது. பூட்டிய வீட்டுக்குள் வெயில் எப்படி வரும்? அண்ணாந்து பார்த்தால் ஒரு ஆள் இறங்கும் அளவுக்கு ஓட்டைப் பிரித்திருக்கிறார்கள். பிரித்த ஓடுகளை வரிசையாக ஓரத்தில் அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், ஒன்றுகூட உடையவில்லை. அவசரமே இல்லாமல் வேலை பார்த்திருக்கிறார்கள். வெண்கல உருளி, பித்தளை அண்டா, குத்துவிளக்கு, ஆயா வீட்டுச் சீரில் வந்த பர்மா அரக்குப் பூச்சுச் சாமான்கள், ஒரு அறையின் வாசல் நிலைக்கு மேலிருந்த செதுக்குப் பலகை எல்லாம் போயிற்று. பலகையை ரம்பம் வைத்து நிதானமாக அறுத்திருந்தார்கள்.

காவல் நிலையத்துக்குப் போனேன். எந்த நிலையம் என்று வேண்டாம். ‘எப்போ காணாமப் போச்சு?’ என்றார்கள். எட்டு மாதத்துக்குள் ஏதோ ஒரு நாள். ‘என்னென்ன போச்சு?’ வாயால் சொன்னேன். ‘போட்டோ இருக்கா?’ இல்லை. மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். முதல் தகவல் அறிக்கை வாங்க இன்னும் இரண்டு நாள் அலைய வேண்டும் என்று தெரிந்தது. எனக்கு மறுநாள் விமானம். அவ்வளவுதான் என் கதை.

ஓய்வு_ஏட்டு | ஞாயிறு, காலை 6.15

வணக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் காக்கி போட்டவன். சிவகங்கை மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டங்களிலும் வேலை பார்த்திருக்கிறேன். இங்கே எல்லாவற்றையும் ‘கும்பல்’ என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்புகிறீர்கள். எங்களுக்கு அவை தனித்தனி ஆட்கள், தனித்தனி வேலை.

தேவகோட்டைக்காரர் வீட்டில் நடந்தது பூட்டிய வீட்டுத் திருட்டு. அதற்கு அரிவாளும் வேண்டாம், பன்னிரண்டு பேரும் வேண்டாம். இரண்டு மூன்று பேர், ஒரு சரக்கு வண்டி. ஆனால் நோட்டம் பார்க்க ஒருவன் பகலில் வந்திருப்பான். வாசலில் தேங்கிக் கிடக்கும் பால் பாக்கெட், நோட்டீஸ், கோலம் இல்லாத வாசல், பூட்டில் படிந்த தூசி, மீட்டர் பெட்டியைச் சுற்றி ஒட்டடை. இதையெல்லாம் அவன் படிப்பது போல நாம் பேப்பர் படிக்க மாட்டோம்.

சங்கிலி பறிப்பு வேறு. பைக்கில் இரண்டு பேர், பெரும்பாலும் வேறு மாவட்டம். காலையில் கோலம் போடும் நேரம், சாயங்காலம் கோயிலிலிருந்து திரும்பும் நேரம். ‘அட்ரஸ் தெரியுமா’ என்று நிறுத்துவான். பின்னால் இருப்பவன்தான் அறுப்பான், முன்னால் இருப்பவன் வண்டியை அணைக்கவே மாட்டான். வண்டியை அணைக்காமல் வழி கேட்கிறவனிடம் பத்தடி தள்ளியே பேசுங்கள்.

நீங்கள் பயப்படுகிற ரவுடி வேறு. ஒவ்வொரு நிலையத்திலும் அவனுக்கு ஒரு சரித்திரப் பதிவேடு உண்டு. ஆளைப் பொறுத்து ஏ பிளஸ், ஏ, பி, சி என்று பிரித்து வைத்திருப்பார்கள். ராத்திரி போய் ‘வீட்டில் இருக்கிறானா’ என்று பார்த்துவிட்டு வர வேண்டும். திருவிழா, மஞ்சுவிரட்டு, தேர்தல் என்றால் முன்கூட்டியே கோட்டாட்சியர் முன்னால் நிறுத்தி நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவோம். முன்பு குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் பிரிவு 110 என்போம், 2024 ஜூலை 1-லிருந்து புதுச் சட்டத்தில் பிரிவு 129. பிணையை மீறினால் மிச்ச நாளுக்கு உள்ளே இருக்க வேண்டியதுதான். அதற்கும் அடங்காதவனுக்குக் குண்டாஸ்.

2021 செப்டம்பரில் மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் ரவுடி வேட்டை நடந்ததே, நினைவிருக்கிறதா? அப்போது அரிவாள் அடிக்கும் பட்டறைகளுக்கும் உத்தரவு போயிற்று. யார் வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள் என்று பேரும் விலாசமும் எழுதி வை என்று. நம் மாவட்டத்தில் திருப்பாச்சேத்தி இருக்கிறது. அந்த ஊர்ப் பேரே அரிவாளோடு ஒட்டிக்கொண்டது. அங்கே ஒரு பட்டறைக்காரர் என்னிடம் கேட்டார்: ‘சார், கருவேலம் வெட்ட வர்றவனும் ஆதார் கார்டு குடுத்துட்டுத்தான் வெட்டணுமா?’ பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் பதிவேடு வைத்தார். நீளமான வீச்சரிவாள் கேட்டு வருகிறவன் பதிவேட்டைப் பார்த்ததும் ‘அப்புறம் வர்றேன்’ என்று போய்விடுகிறான் என்றும் அவரே சொன்னார்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. அது திருடனும் இல்லை, ரவுடியும் இன்னும் இல்லை. பதினைந்து பதினெட்டு வயதுப் பையன்கள். அதைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை.

கருப்புக்கோட்டு | ஞாயிறு, காலை 8.30

ஏட்டையா சொன்னதில் சட்டப் பக்கத்தைக் கொஞ்சம் விரிக்கிறேன், ஏனென்றால் ‘குண்டாஸ் போட்டு உள்ளே தள்ளு’ என்பது நம் ஊரில் எல்லோருக்கும் சுலபமாக வாயில் வருகிறது.

அது தமிழ்நாட்டின் 1982-ஆம் வருஷத்து 14-ஆவது சட்டம். கள்ளச்சாராயம், போதைப்பொருள், ரவுடித்தனம் என்று ஆரம்பித்து மணல் கடத்தல், சைபர் குற்றம் வரை போகப் போகச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். எஸ்.பி. பரிந்துரைக்க, மாவட்டத்தில் ஆட்சியர் உத்தரவு போடுவார். அதிகபட்சம் 12 மாதம். இது தண்டனை இல்லை, முன்னெச்சரிக்கைக் காவல். விசாரணை நடத்திக் குற்றத்தை நிரூபித்து அடைப்பது அல்ல. அதனால்தான் அறிவுரைக் குழுமம் பார்க்க வேண்டும், ஆட்கொணர்வு மனு போட்டால் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை பார்க்கும். ஒரு காகிதத்தைக் கைதிக்குப் புரியும் மொழியில் கொடுக்கவில்லை, அவர் மனுவைக் காலம் கடத்தினார்கள் என்றாலே உத்தரவு ரத்தாகும். ‘போலீஸ் பிடிக்குது, கோர்ட் விடுது’ என்று டீக்கடையில் பேசுவார்கள். பாதி நேரம் காகித வேலையை ஒழுங்காகச் செய்யாததுதான் காரணம்.

புது பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்புக்குத் தனியாகவே 304 என்று ஒரு பிரிவு வந்துவிட்டது, மூன்று வருஷம் வரை. கூட்டமாகச் சேர்ந்து திருட்டு, பறிப்பு, சூதாட்டம் என்று தொழிலாகச் செய்தால் 112, ஒரு வருஷத்திலிருந்து ஏழு வருஷம். இன்னும் பெரிய அளவில் என்றால் 111.

தேவகோட்டைக்காரருக்கு: மனு ரசீது வேறு, முதல் தகவல் அறிக்கை வேறு. திருட்டுக்கு அறிக்கை பதிந்தே ஆக வேண்டும், நகல் இலவசம். பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் தபால் போடுங்கள். அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பவும் முடியாது. நம் பக்கம் இது முக்கியம். பொன்னமராவதி, ராயவரம் என்று செட்டிநாட்டின் ஒரு பகுதி புதுக்கோட்டை மாவட்டத்தில் கிடக்கிறது. தகவலை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு மூன்று நாளுக்குள் வந்து கையெழுத்துப் போடவும் வழி இருக்கிறது. விமானத்தை விட வேண்டியதில்லை.

கழனிவாசல்_தம்பி | ஞாயிறு, காலை 11.20

ஏட்டையா சொன்ன அந்த நான்காவது வகை நாங்கள்தான். எனக்கு இப்போது 23. சொல்லலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருந்தார். பேர் வேண்டாம். பிறந்தநாளுக்குக் கேக்கை அரிவாளால் வெட்டி ரீல்ஸ் போட்டு, அதற்காகவே ஒரு தடவை உள்ளே போய் வந்தவர். வெளியே வந்தபோது மாலை போட்டுக் கூட்டி வந்தோம். எனக்கு ஒன்பதாம் வகுப்பு. அவர் கேட்டதெல்லாம் சின்னச் சின்ன வேலை. சிகரெட் வாங்கி வா, வண்டியைக் கொண்டுபோய் அங்கே விடு. பதிலுக்குப் பிரியாணி, பெட்ரோல், புல்லட்டில் பின்னால் ஒரு ரவுண்டு. ‘என் தம்பிடா’ என்று நாலு பேர் முன்னால் தோளில் கை போடுவார். எங்கள் அப்பா கட்டட வேலைக்கு வெளியூர். வீட்டில் என் தோளில் யாரும் கை போட்டதில்லை.

ஒரு நாள் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து ‘வீட்ல வையி, நாளைக்கு வாங்கிக்கிறேன்’ என்றார். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்துக்கு அடியில் வைத்தேன். மூன்று நாள் கழித்துத்தான் வாங்கினார். அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கஞ்சா என்று தெரியும். என் கூட்டாளி ஒருவன் அதே மாதிரி வைத்து மாட்டிக்கொண்டான். வக்கீல் செலவை அண்ணன்தான் பார்த்தார். அதற்கப்புறம் அவன் அந்தக் கடனை அடைக்கத்தான் எல்லாவற்றுக்கும் போனான். கும்பலில் ஆளைச் சேர்ப்பது பிரியாணி இல்லை, அந்த வக்கீல் செலவுதான்.

நான் வெளியே வந்தது பெரிய மனமாற்றம் எல்லாம் இல்லை. காலில் எலும்பு முறிந்து நான்கு மாதம் படுத்திருந்தேன். அதற்குள் அண்ணனுக்கு வேறு தம்பிகள் கிடைத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்றைக்கும் வாகனச் சோதனையில் என் முடியைப் பார்த்ததும் ஓரமாக நிற்க வைக்கிறார்கள். போனை வாங்கிக் கேலரியைப் பார்க்கிறார்கள். போன வருஷம் சைலன்சர் சத்தம் என்று ஆரம்பித்து விடியும்வரை ஒரு நிலையத்தில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். காலையில் ‘போ’ என்றார்கள். எதற்கு என்று இதுவரை தெரியாது. நம் மாவட்டத்திலேயே 2025 ஜூனில் மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவர் தனிப்படை விசாரணையில் செத்துப்போனார். என் வயதைவிடக் கொஞ்சம்தான் கூட. அதற்கப்புறம் எங்கள் அம்மா நான் பத்து மணிக்கு மேல் வெளியே நின்றால் ரவுடிக்குப் பயப்படுவதைவிடப் போலீசுக்குத்தான் பயப்படுகிறார்.

ஓய்வு_ஏட்டு | ஞாயிறு, மதியம் 12.10

தம்பி, மடப்புரத்துக்கு என்னிடம் சாக்கு இல்லை. காவலர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போயிற்று. நகை காணோம் என்று வந்த புகாரில் அடித்துத்தான் உண்மையை வாங்க முடியும் என்று நினைக்கிற ஆட்கள் எங்களில் இருந்தார்கள், இருக்கிறார்கள். அடித்து வாங்கிய வாக்குமூலம் கோர்ட்டில் நிற்காது என்று எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

தொழில் முறையில் ஒன்று சொல்கிறேன். என் காலத்தில் நான் பிடித்த கேஸ்களில் பெரும்பாலானவை யாரோ வந்து காதோடு சொன்னதால் பிடித்தவை. பயப்படுகிற தெருவில் யாரும் வந்து சொல்ல மாட்டான். உன்னைக் காரணம் இல்லாமல் பெஞ்சில் உட்கார வைத்த அந்த ராத்திரியில், அண்ணனைப் பற்றி நீ சொல்லியிருக்கக்கூடிய எல்லாவற்றையும் அந்த நிலையம் இழந்துவிட்டது.

இப்போது கஞ்சா பற்றிச் சொல்ல 10581 என்று ஓர் எண் இருக்கிறது. பேர் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கு_வாத்தியார் | ஞாயிறு, மாலை 4.45

தம்பியின் பதிவை இரண்டு தடவை படித்தேன். கணக்குப் புத்தகத்துக்கு அடியில் என்றதும் நெஞ்சில் என்னமோ செய்தது, நானே பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவன்.

பையன்கள் முதலில் நோட்டின் கடைசிப் பக்கத்தில்தான் தெரிவார்கள். போன வருஷம் ஒரு நோட்டைத் திருத்தும்போது பின் அட்டையில் ஒரு சிங்கம், அதன் கீழே ஒரு ‘பாய்ஸ்’ பேர், ஏழு கையெழுத்து. அந்த ஏழு பேரில் ஐந்து பேர் என் வகுப்பு. கையில் ஒரே நிறத்தில் கயிறு. நம் ஊரில் கயிற்றின் நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சாதி வெறியில் சக மாணவர்கள் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைந்த நீதியரசர் சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைப் பள்ளியில் தடுக்கச் சொல்லியிருந்தது. அதைச் சாதாரணமாகப் படித்துவிட்டு வைத்த ஆள் நான். நோட்டைப் பார்த்த அன்றைக்குத்தான் உறைத்தது.

தலைமையாசிரியரிடம் சொன்னால் டி.சி. என்பார். நிலையத்தில் சொன்னால் பையன் பேர் ஏதாவது பட்டியலில் ஏறிவிடுமோ என்று பயம். கடைசியில் அந்தச் சிங்கம் வரைந்தவன் வீட்டுக்குப் போனேன். அம்மா அப்பளக் கம்பெனி வேலையிலிருந்து வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் நோட்டைக் காட்டவில்லை. ‘உங்க மகன் நல்லா வரைவான், தெரியுமா?’ என்றேன். அவருக்குத் தெரியாது. அந்தச் சிங்கத்தைப் பெரிதாக வரையச் சொல்லி விளையாட்டு விழாவுக்கு அணிக் கொடியாக்கினோம். ஏழு பேரில் நான்கு பேர் கபடி அணிக்கு வந்தார்கள். மூன்று பேர் வரவில்லை. அதில் ஒருவன் பள்ளிக்கே வரவில்லை. ஆகவே இதை வெற்றிக் கதை என்று யாரும் பகிர வேண்டாம்.

சட்டம் படித்தவர் ஒரு விஷயத்தை உறுதி செய்யுங்கள். பெரியவர்கள் சிறுவர்களைக் குற்றத்துக்குப் பயன்படுத்தினால் தனித் தண்டனை உண்டுதானே?

கருப்புக்கோட்டு | ஞாயிறு, மாலை 5.20

உண்டு சார். 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 83. ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஐந்து லட்சம் அபராதம். தம்பியின் வீட்டில் பொட்டலம் வைத்த அந்த அண்ணன் மேல் போட வேண்டியது இதுதான். ஆனால் கேஸ் கட்டில் இந்தப் பிரிவை நான் பார்ப்பது அபூர்வம். பிடிபட்ட பையன் மேல் கேஸ் எழுதினால் அன்றைக்கே கணக்கு முடிந்துவிடுகிறது. பின்னால் இருப்பவன் வரை போக யாருக்கும் நேரமில்லை.

18 வயதுக்குக் கீழே இருப்பவனை லாக்கப்பில் வைக்கவே கூடாது. இளைஞர் நீதிக் குழுமம் முன்னால் நிறுத்தி, தேவைப்பட்டால் கூர்நோக்கு இல்லம். இது அந்தப் பெற்றோருக்குத் தெரிந்தால் அண்ணனின் வக்கீலை நம்ப வேண்டியதில்லை. இலவசச் சட்ட உதவி மையம் கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது.

பழஞ்சாமான் | ஞாயிறு, இரவு 7.00

முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழஞ்சாமான் வியாபாரம். ‘திருட்டுச் சாமானெல்லாம் உங்க தெருவுக்குத்தானே வருது’ என்று யாராவது சொல்வதற்கு முன்னால் நானே வந்துவிட்டேன்.

ஆள் வந்து ‘வீடு இடிக்கிறோம், நிலை இருக்கு, வாங்கிக்கிறீங்களா’ என்றால் நான் முதலில் கேட்பது வீடு எங்கே என்று. போய்ப் பார்ப்பேன். பங்காளிகள் எத்தனை பேர், எல்லோரும் சம்மதமா என்று கேட்பேன். கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் வாங்காமல் ஒரு கரண்டிகூட வாங்குவதில்லை. அப்படிக் கேட்டதும் திரும்பிப் போன வண்டிகள் உண்டு. அவை வேறு ஊரில் விற்றிருக்கும், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தேவகோட்டைக்காரருக்கு ஒன்று. போலீஸ் என் கடைக்கு வந்தால் கையில் ‘பித்தளை அண்டா ஒன்று’ என்று எழுதிய தாள்தான் இருக்கும். என் கடையில் நாற்பது அண்டா இருக்கிறது. எதை எடுத்துக் கொடுப்பது? நம் பாத்திரங்களில் பேர் வெட்டியிருக்கும், பெரியவர்கள் காரணமாகத்தான் வெட்டினார்கள். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது ஒரு நாள் உட்கார்ந்து வெட்டிய பேர், இனிஷியல், சொட்டை விழுந்த இடம் தெரியப் படம் எடுங்கள். தஞ்சாவூர்ப் படம் என்றால் பின்பக்கத்தையும் எடுங்கள். முன்பக்கம் எல்லாக் கிருஷ்ணரும் ஒன்று போலத்தான் இருப்பார்.

ஆத்தங்குடி_ஆச்சி | திங்கள், காலை 10.30

ஆடியோ பொய், சரி. அந்தப் பொய் எங்கள் தெருவில் என்ன செய்தது என்று எழுதவே வந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் போர்வை விற்கிற வடநாட்டுப் பையன் ஒருவன் வந்தான். இருபது வயது இருக்கும். எப்போதும் வருகிறவன்தான், போன மழைக்காலத்தில் நான் இரண்டு வாங்கினேன். முனையில் நான்கு விடலைகள் மறித்துக்கொண்டார்கள். ‘நோட்டம் பாக்குறியா?’ என்று மூட்டையைப் பிரித்துத் தெருவில் கொட்டினார்கள். ஒருவன் போனில் படம் எடுத்தான். பையனுக்குத் தமிழ் பாதிதான் வரும். பயத்தில் ஓடப் பார்த்தான், ஓடியதும் ‘பார்த்தியா, ஓடுறான்’ என்று இன்னும் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். சட்டையைப் பிடித்துவிட்டார்கள்.

நான் இறங்கிப் போய் அவன் கையைப் பிடித்து எங்கள் திண்ணையில் உட்கார வைத்தேன். சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். கை நடுக்கத்தில் பாதித் தண்ணீர் சட்டையில் ஊற்றிக்கொண்டான். 112-க்குப் போன் போட்டேன். வண்டி வரும்வரை நான் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. வந்த எஸ்.ஐ. சின்ன வயசுதான். பையனின் கார்டைப் பார்த்துவிட்டு, அந்த நான்கு பேரையும் வைத்தே போர்வைகளை மடித்துக் கட்ட வைத்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

2018-இல் போளூர்ப் பக்கம் குலதெய்வம் கும்பிட வந்த ஒரு வயதான அம்மாவைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றதே. காரில் வந்தவர்கள் குழந்தைக்கு மிட்டாய் கொடுத்தார்களாம். அதுவும் இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தியில் பிறந்ததுதான். அரிவாள் கும்பல் வருகிறது என்று ஆடியோ கேட்டவர்கள்தான் அன்றைக்குக் கும்பலாக நின்றார்கள்.

இன்னொன்று தோன்றுகிறது. நான் கல்யாணமாகி வந்தபோது இந்தத் தெருவில் ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் எல்லாத் திண்ணையிலும் ஆள் இருக்கும். இப்போது விளக்கு எரிவது நான்கு வீடு. அந்தக் காலத்தில் காவலுக்கு என்றே ஆள் உண்டு. மாடு களவு போனால் துப்புக்கூலி கொடுத்து மீட்பார்கள் என்று எங்கள் ஐயா சொல்வார்கள். அந்தக் காவல் முறையை மறுபடி கொண்டு வரக் கூடாதா?

கருப்புக்கோட்டு | திங்கள், காலை 11.15

ஆச்சி, நீங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்ததுதான் காவல். ஆனால் பழைய காவல் முறையை அப்படியே ஆசைப்பட வேண்டாம். துப்புக்கூலி வாங்குகிறவனுக்கே மாடு எங்கே இருக்கிறது என்று தெரியும், பாதி நேரம். அதைவிட, காவல் செய்த சமூகங்களையே வெள்ளைக்காரன் பிறவிக் குற்றவாளிகள் என்று எழுதினான். குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பிறகு நம் மாகாணத்துக்கு வந்தது. ஊர் மக்கள் ரேகைச் சட்டம் என்பார்கள். ராத்திரி நிலையத்தில் போய்க் கைநாட்டு வைத்துவிட்டுப் படுக்க வேண்டும். அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். சட்டம் போய் எத்தனை வருஷம் ஆனாலும் ‘இந்த ஊர்க்காரன், இந்த ஆளுங்க’ என்று சந்தேகப்படும் பழக்கம் போகவில்லை. இன்றைக்கு அது போர்வை விற்கிறவன் மேல் திரும்பியிருக்கிறது.

ஓய்வு_ஏட்டு | திங்கள், மதியம் 1.00

பொதுமக்களைச் சேர்த்துக்கொள்வதற்குப் பக்கத்து ராமநாதபுரத்தில்தான் 1993-இல் பிரதீப் பிலிப் எஸ்.பி.யாக இருந்தபோது ‘போலீஸ் நண்பர்கள் குழு’ ஆரம்பித்தார். நல்ல யோசனை. ரோந்துக்குத் துணை வருவார்கள், தகவல் சொல்வார்கள். போகப் போகச் சில இடங்களில் லத்தியைக் கையில் கொடுத்து அரைப் போலீஸ் ஆக்கிவிட்டோம். சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் செத்த பிறகு 2020 ஜூலையில் அரசு தடை போட்டது. ஆகவே தெருக்காரர்கள் ‘நைட் ரோந்துப் படை’ எதுவும் கட்ட வேண்டாம், ஆச்சி செய்த மாதிரி 112 அழைத்தால் போதும்.

வளவுவாசி தம்பிக்கு வேலை ஒன்று. ஊருக்குப் போகும்போது நிலையத்துக்குப் போய், வீட்டில் வயதான அம்மா தனியாக இருக்கிறார், மூன்று பங்கு பூட்டியிருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள். ராத்திரி ரோந்துக் காவலர் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகத்தை உங்கள் வீட்டில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். சில இடங்களில் இப்போது புத்தகத்துக்குப் பதில் ஸ்கேன் செய்யும் அட்டை ஒட்டுகிறார்கள். எதுவானாலும் முகப்பில் ஒன்று, பின்கட்டில் ஒன்று கேளுங்கள். முகப்பில் மட்டும் இருந்தால் காவலர் பின் தெருவுக்கு வரவே மாட்டார். நானே போனதில்லை.

வளவுவாசி | அடுத்த ஞாயிறு, இரவு 8.10

தாமதத்துக்கு மன்னிக்கவும். வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்தேன்.

ஆடியோவை ஆத்தாவுக்கு அனுப்பியது யார் என்று தெரிந்துவிட்டது. நான்தான். ‘கவனம்’ என்று எழுதி எங்கள் குடும்பக் குழுவில் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலையே போட்டிருக்கிறேன். மறந்தே போய்விட்டேன்.

நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். முதலில் ‘ஆள் இருக்கற வீட்டுக்கு எதுக்கு’ என்றார்கள். பின்கட்டு என்று சொன்னதும் ரைட்டர் சிரித்துவிட்டு, ‘யார் சொல்லிக் குடுத்தா?’ என்றார். முகப்பில் ஒரு புத்தகம், பின்கட்டில் ஒரு புத்தகம். பாத்திரங்களைப் படம் எடுக்க ஒரு நாள் போயிற்று. 61 உருப்படி, அதில் 14-இல் எங்கள் ஐயா பேர். ஒரு சொம்பில் யாரென்றே தெரியாத ஒரு பேர். ஆத்தாவுக்கும் தெரியவில்லை.

பங்காளிகளில் ஒருவர் கேமரா வைக்கப் பணம் தருகிறேன் என்கிறார், இன்னொருவர் யோசிக்கிறேன் என்கிறார், மூன்றாமவர் போனை எடுக்கவில்லை.

நேற்று ராத்திரி ரோந்துக் காவலர் வந்தபோது ஆத்தா விழித்திருந்து கதவுக்கு உள்ளேயிருந்தே ‘எந்த ஊரு தம்பி?’ என்று கேட்டிருக்கிறார்கள். இளையான்குடியாம். காலையில் புத்தகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், ‘1.30-ன்னு எழுதியிருக்கான், வந்தது 2.10. நான் மணி பார்த்தேன்’ என்கிறார்கள். ஏட்டையா, இதை நிலையத்தில் சொல்ல வேண்டுமா?

ஓய்வு_ஏட்டு | அடுத்த ஞாயிறு, இரவு 8.25

வேண்டாம் தம்பி. பின்கட்டிலும் கையெழுத்து இருக்கிறதா, அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

வளவுவாசி | அடுத்த ஞாயிறு, இரவு 8.31

இருக்கிறது. 2.15.